தலைவர் தளம் ஏறிய நாள்

எங்கள் தீவில் வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆடு வெட்ட வேண்டும். கல்யாணத்துக்கு வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். தளத்துக்கு அப்படி இல்லை. ஊரே காலையில் வந்து நின்று வாளி வாளியாகக் கான்கிரீட் ஏற்றிக் கொடுக்கிறது. கூலி கிடையாது. பொழுது சாயும்போது மாசிப்பத்திரி இலை போட்ட ஆட்டுச் சாறும் அரிசிச் சாராயமும் கொடுக்க வேண்டும். சாறு இல்லாமல் தளம் போட்டவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அது அவன் பேரன் காலம் வரைக்கும் போகாது.

அந்த ஏப்ரலில் தளம் போட்டவன் என் மச்சினன் ஜென்கோ. வெட்ட வேண்டிய ஆடு என்னுடையது. தருவதாகச் சொன்னவள் என் மனைவி தோயோ. அவள் நவம்பரில் இறந்துவிட்டாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. ஒன்று வெள்ளைக் கிடா, விதையடித்தது. மற்றது பழுப்பு நிறப் பெட்டை. இரண்டும் ஒரே ஈற்று. தாய் ஆடு குட்டி போட்ட கையோடு செத்துப் போனதால், தோயோ அவற்றை மீன் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்து புட்டிப்பால் கொடுத்தாள். நாற்பது நாள் சமையலறையில்தான் இருந்தன. அதனால் வீடு தங்களுடையது, நாங்கள்தான் ஒண்டிக் கிடக்கிறோம் என்று அவை முடிவு செய்துகொண்டன.

வெட்டப்போகிற ஆட்டுக்கு இங்கே யாரும் பெயர் வைப்பதில்லை. தோயோ வைத்தாள். பெட்டைக்குத் தபால்காரி என்று பெயர். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் வீடு வீடாகப் போய் வாசலில் நிற்கும். எதையாவது கொடுத்தால்தான் அடுத்த வீட்டுக்கு நகரும். கிடாவுக்குத் தலைவர் என்று பெயர். எங்கள் கிராமத் தலைவருக்கும் அதற்கும் ஒரே மாதிரி தாடி. முடியாது என்று சொல்வதற்கு முன் ஆளை மேலும் கீழும் பார்ப்பதும் ஒரே மாதிரி.

விஷயம் தெரிந்து கிராமத் தலைவர் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

“ஏம்மா தோயோ, உங்க வீட்டுல எனக்கு ஒரு அண்ணன் இருக்கானாமே?”

“அண்ணன் இல்லீங்க, தம்பி. ஆனா உங்களை மாதிரி யோசிச்சுச் சொல்றேன்னு இழுக்கமாட்டான். அப்பவே முடிவு பண்ணிடுவான்.”

அவர் சிரிப்பதற்குள் ஆடு முன்கால்களை அவர் மார்பில் வைத்து, சட்டைப் பையில் இருந்த காகிதத்தை உருவித் தின்றுவிட்டது. கடல்சுவர் பழுதுபார்ப்புக்கான விண்ணப்பம் அது. “பாத்தீங்களா, ஒப்புதல் குடுத்துட்டான்” என்றாள் தோயோ.

தலைவர் செய்த சேட்டைகளுக்குக் குறைவில்லை. பட்டிக் கதவின் தாழ்ப்பாளைப் பல்லால் இழுத்துத் திறக்கும். யாராவது குனிந்தால் பின்னால் வந்து முட்டும். நிமிர்ந்து திரும்பினால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். கரும்பு ஏற்ற வந்த வண்டியின் தலைமேல் ஏறி நின்று பாதித் தீவைச் சுற்றி வந்திருக்கிறது. ஓட்டியவனுக்குத் தெரியாது. வழியெல்லாம் எல்லாரும் தன்னைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரிக்கிறார்களே என்று அவன் சந்தோஷமாகப் பதிலுக்குக் கும்பிட்டிருக்கிறான்.

செப்டம்பரில் பெரும்புயல் வந்தது. ஜென்கோவின் ஓட்டு வீடு கூரையில்லாமல் நின்றது. மறுநாள் நானும் தோயோவும் போனோம். ஜென்கோவும் அவன் மனைவி சுமியும் சேற்றுக்குள்ளிருந்து பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்குமேல் வெறும் வானம்.

“இனிமே ஓடு வேணாண்டா. தளம் போட்டுடு” என்றாள் தோயோ.

“போட்டுடலாம்க்கா. ஆட்டுக்கு எங்க போக?”

“நீ தளம் போடுற அன்னிக்கு எங்க தலைவரை வெட்டிக்க.”

ஜென்கோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “உன் மடியில வளந்ததாச்சேக்கா அது.”

“அதுக்கென்ன. ஆடு ஆடுதானே. உன் தலைக்குமேல ஒண்ணு வரணுமில்ல.”

அப்போது நான் பக்கத்தில் நின்று கழுவிய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் பதினேழாம் தேதி கரும்புக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது தோயோ உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. இதயம் என்றார்கள். நான் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பொறுப்பாளன். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பேன், பத்தே முக்காலுக்கு மூடுவேன், சாயங்காலம் மறுபடி. ஓடி வந்து சொன்னபோது பத்து நாற்பது. நான் வால்வை மூடினேன். குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன். பிறகு போனேன்.

சவ ஊர்வலத்துக்குக் கட்டி வைத்திருந்த காகிதக் கொடிகளில் இரண்டைத் தலைவர் தின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கிமி அக்கா அதைத் துடைப்பத்தால் விரட்டிக்கொண்டே அழுதாள். பிறகு விரட்ட முடியாமல் சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இரண்டில் எதுவும் வரவில்லை. ஊரில் பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கல்லு மாதிரி நிக்கிறாம்ப்பா மனுசன் என்று.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் எழுந்தேன். பூஜை மாடத்தில் அவள் பெயர்ப்பலகைக்கு முன்னால் தேநீர் வைத்தேன், ஊதுவத்தி கொளுத்தினேன். வால்வைத் திறந்தேன். சோறு ருசித்ததா என்று கேட்டால் தெரியாது. குளிர் அடித்ததா என்றால் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆடுகளுக்கு மட்டும் எதுவும் நின்றுபோகவில்லை. பூஜை மாடத்தில் வைத்த வாழைப்பழத்தைத் தலைவர் தோலோடு தின்றது. நான் இன்னொன்று வைத்தேன். அதையும் தின்றது. கதவைச் சாத்தினேன், ஜன்னல் வழியாக வந்தது. ஊதுவத்திக் கட்டைத் தின்று மூன்று நாள் மணத்துக்கொண்டு அலைந்தது. வெளியூர்களில் இருந்து வந்த இரங்கல் தந்திகளைத் தபால்காரி தின்றது. தோயோவின் முழுக்கைச் சட்டை ஒன்று அவள் இறந்த அன்று காலையில் காயப்போட்ட கொடியிலேயே தொங்கியது. நான் எடுக்கவில்லை. வேண்டுமென்று விட்டேன் என்று இல்லை, எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஜனவரியில் ஒருநாள் தலைவர் பின்னங்காலில் நின்று அதன் இடது கையைத் தோள்வரை தின்றது. மிச்சத்தை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். கிமி அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாள்.

“செய்ஷோ, அதை நாலு வையேன். திட்டவாவது செய்யேன்.”

“திட்டினா என்ன ஆகும்?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு ஏதாவது ஆகும்னு பாத்தேன்.”

மார்ச் கடைசியில் ஜென்கோ வந்தான். சுவர் எழும்பிவிட்டது, சென்ட்ரிங் பலகை அடித்தாயிற்று, மழைக்காலம் தொடங்குவதற்குள் தளத்தைப் போட்டுவிட வேண்டும் என்றான். ஏப்ரல் பதினான்கு. வாசல்படியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

“அத்தான், அந்த ஆடு விஷயம்…”

“கொண்டு வந்து கட்டுறேன்.”

“உங்களுக்குச் சங்கடம்னா சொல்லுங்க. ஆனா இப்ப வேற ஆடு கிடைக்காது. ரெண்டு மாசத்துல மூணு வீட்டுக்குத் தளம். ஊர்ல இருந்ததெல்லாம் போயாச்சு.”

“தோயோ சொன்னதுதானே.”

“சொன்னதுதான்.” அவன் ஆட்டைப் பார்க்காமல் எழுந்து போனான். ஆடு அவன் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு பின்னால் போனது. அவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அதை விரட்டினான்.

அன்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தோயோ பெயர் வைத்துக் கூப்பிட்டவற்றில் உயிரோடு இருந்தவை இரண்டு. அதில் ஒன்றை நான் என் கையால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவள் சொல் தவறியவள் ஆவாள். இனி அவளால் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. கட்டினால் ஆடு போய்விடும். இரண்டில் எது எனக்கு வலிக்கும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவது போலத்தான் இருந்தது. எனவே அவள் சொன்னபடி செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

பதினான்காம் தேதி ஆறு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டு, ஏழு மணிக்குத் தலைவரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் மூன்று வீட்டுச் செம்பருத்தி வேலியை அது மேய்ந்தது. நான் இழுக்கவில்லை. ஊர்க் கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: “தலைவருக்கு இன்னிக்குப் பதவி போகுதாமே.”

“தேர்தல் வெக்காமலே எறக்குறாங்கப்பா” என்றார் இன்னொருவர்.

ஜென்கோவின் வீட்டில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். எங்கள் தீவில் கொத்தனார் ஒருவர்தான், மோரியேய் அண்ணன். ஆடு வெட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். கரண்டியும் கத்தியும் ஒரே பையில் இருக்கும். அவர் வைத்திருந்த திட்டம் இது: பதினொரு மணிக்குள் கான்கிரீட் முழுவதும் ஏற வேண்டும். பதினொன்றரைக்குள் அவர் மணியாசுக் கட்டையால் தளத்தைத் தேய்த்து மட்டம் முடிப்பார். பிறகு ஆட்டைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வெட்டி, வைக்கோல் தீயில் மயிர் பொசுக்கி, ஒரு மணிக்கு அண்டாவில் இறைச்சி விழ வேண்டும். நான்கு மணி நேரம் கொதிக்க வேண்டும். ஐந்து மணிக்குச் சாறு.

அவர் ஆட்டின் முதுகை அழுத்திப் பார்த்தார். “நல்லாத்தான் வளத்திருக்கா உன் பொண்டாட்டி. கொழுப்பு இருக்கு.” குனிந்து தொடையைப் பிடித்துப் பார்த்தார். தலைவர் சுற்றி வந்து பின்னால் ஒரு முட்டு முட்டியது. அவர் மணல் குவியலில் முகம் புதைய விழுந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். “அவருக்கு இன்னும் பதினொண்ணரை வரைக்கும் அதிகாரம் இருக்குண்ணே. பாத்து நடந்துக்க.”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று மோரியேய் அண்ணன் வாயிலிருந்து மணலைத் துப்பினார். “கொம்பை மொதல்ல அறுக்கிறேன்.”

தரையிலிருந்து தளத்துக்குச் சாய்வாகப் பலகை போட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் அந்தப் பலகை நெடுக வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றி ஏற்ற வேண்டும். ஏப்ரல் வெயிலிலும் பலகைக்கு அடியில் நல்ல நிழல். ஆட்டை அந்தப் பலகையின் காலில் கட்டினேன். நான் செய்த பிசகு அதுதான்.

தலைவரை எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். சாதாரண முடிச்சு என்றால் அது நுனியைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிடும். இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே மடக்கிச் செருக வேண்டும். அன்று எந்த முடிச்சுப் போட்டேன் என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். தெரியவில்லை என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதேதான்.

கலவை இயந்திரம் சுழன்றது. வாளிகள் ஏறின, காலி வாளிகள் இறங்கின. பத்தே முக்காலுக்கு நான் மட்டும் போய் வால்வை மூடிவிட்டு வந்து மறுபடி வரிசையில் நின்றேன். பதினொரு மணிக்குக் கடைசி மூலை நிரம்பிக்கொண்டிருந்தது. மோரியேய் அண்ணன் முக்கால்வாசித் தளத்தை மட்டம் வைத்துவிட்டு எதிர் ஓரத்தில் குந்தியிருந்தார். தளம் பாய் விரித்ததுபோல் ஈரமாக மின்னியது.

பலகையின் நடுவில் கிமி அக்கா திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். “யாரது பின்னால இடிக்கிறது? அவ்வளவு அவசரம்னா முன்னால போயேன்!”

அது முன்னால் போனது.

வரிசையில் நின்றவர்கள் வாளியோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவரும் கயிற்றைப் பிடிக்கவில்லை, எல்லார் கையிலும் வாளி. தலைவர் பலகையின் உச்சியில் ஒரு கணம் நின்று தளத்தை மேலும் கீழும் பார்த்தது. பிறகு இறங்கியது. கான்கிரீட் அதன் குளம்புக்குமேல் ஏறியது. காலைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி வைத்தது. புதைவது அதற்குப் பிடித்துவிட்டது. நான்கு காலையும் சேர்த்து ஒரு துள்ளல். பக்கவாட்டில் ஒரு துள்ளல். பிறகு மோரியேய் அண்ணன் காலையிலிருந்து தேய்த்து முடித்த இடத்தில் குறுக்காக ஓடிப் போய், தண்ணீர்த் தொட்டிக்கென்று எழுப்பியிருந்த திண்டின்மேல் ஏறி நின்றுகொண்டது.

“யாரும் ஓடாதீங்க” என்றார் மோரியேய் அண்ணன், கட்டையைப் பிடித்த கையை அசைக்காமல். “நீங்க ஓடினா அதுவும் ஓடும்.”

ஜென்கோ சர்க்கரைவள்ளிக் கொடியைக் காட்டிக் கெஞ்சினான். “தலைவரே, வாங்க. நல்லவரே, வாங்க. உங்க கால்ல விழுறேன்.” வாளி வரிசையில் நின்ற கிராமத் தலைவரை எல்லாரும் முன்னால் தள்ளினார்கள். “நீங்க சொல்லுங்கய்யா, உங்க தம்பிதானே.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, எறங்கி வா, பேசிக்கலாம்” என்றார். ஆடு அவரைப் பார்த்துக்கொண்டே புழுக்கை போட்டது. அழுதுவிடுவாள் போலிருந்த சுமிகூடச் சிரித்துவிட்டாள்.

நான் ரப்பர் செருப்போடு வந்திருந்தேன். அது கான்கிரீட்டில் ஒட்டும் என்று கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு தளத்தில் இறங்கினேன். கணுக்கால் வரைக்கும் குளிர்ந்த கலவை ஏறியது. நான் இரண்டடி வைத்தால் அது இறங்கி இரண்டடி வைத்தது. நான் நின்றால் நின்றது. திண்டைச் சுற்றி மூன்று முறை வந்தோம். கீழிருந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். கடைசியில் நான் அசையாமல் நின்றுவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாததால் நின்றேன். ஆடு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. விளையாட்டு முடிந்துவிட்டதா என்று பார்க்க அதுவே பக்கத்தில் வந்து என் சட்டை நுனியைச் சவைத்தது. நான் அதை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு பலகை வழியாக இறங்கினேன்.

“காலைக் கழுவு! சிமெண்டு தின்னுடும்!” என்று மேலிருந்து மோரியேய் அண்ணன் கத்தினார். அதற்குள் அவர் எல்லாரையும் மேலே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தளம் இறுகத் தொடங்கியிருந்தது.

நான் பீப்பாய்த் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி ஆட்டின் நான்கு காலையும் கழுவினேன். குளம்புப் பிளவுக்குள் இருந்ததை விரலால் நோண்டி எடுத்தேன். மயிரில் ஒட்டியிருந்ததைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அது என் பனையோலைத் தொப்பியின் விளிம்பைச் சுற்றித் தின்று முடித்திருந்தது. பிறகு முடிச்சைச் சரியாகப் போட்டு, பலகைக்கு வெகுதூரத்தில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, மறுபடி வாளி தூக்கப் போனேன்.

தளத்தைச் சரிசெய்து முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. குளம்பு விழுந்த ஒவ்வொரு இடத்தையும் கிளறி, புதுக் கலவை வைத்து, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. என் காலடிகளும் இருந்தன. மோரியேய் அண்ணன் இறங்கும்போது முதுகு நிமிரவில்லை. இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

“இப்ப வெட்டினா ராத்திரி ஒம்பதுக்கு வேகும்” என்றார். “அதுவும் நான் வெட்டணும். இந்தக் கையால இப்ப ஒரு டோஃபுவைக்கூட வெட்ட முடியாது.”

சுமி ஊர்க் கடைக்கு ஓடினாள். இருந்த பன்றி எலும்பையும் டோஃபுவையும் கடற்பாசியையும் வாரிக்கொண்டு வந்தாள். பொழுது சாயும்போது எல்லாரும் அதில் கொதித்த சாறைக் குடித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் வேறு பேச்சே இல்லை. ஒருவர் ஆடு ஓடியதுபோல் ஓடிக் காட்டினார், இன்னொருவர் கிராமத் தலைவர்போல் செருமிக் காட்டினார். கிராமத் தலைவரே ஆடுபோல் நின்று காட்டினார். ஜென்கோ மட்டும் சிரிக்கவில்லை. பன்றிச் சாறு ஊற்றித் தளம் போட்டவன் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள் என்பது அவன் முகத்தில் இருந்தது.

கூட்டம் கலையும்போது அவன் என்னிடம் வந்தான்.

“போகட்டும் அத்தான். வீடு முடிஞ்சு ஜூலைல குடி போறோம். அன்னிக்கு வெட்டிக்கலாம். ஊருக்கு ஒரு சாறு பாக்கி இருக்கு.”

“தோயோ சொன்னது தளம் போடுற அன்னிக்கு.”

“ஆமா.”

“தளம் போட்டாச்சு.”

“அதுக்கு?”

“குடி போற அன்னிக்குன்னு அவ சொல்லலை.”

அவன் என்னையே பார்த்தான். மோரியேய் அண்ணன் சாராயக் கோப்பையைக் கீழே வைத்தார்.

நான் மேற்கொண்டு சொன்னேன். “கொண்டு வந்து கட்டுனேன். காலைல ஏழேகாலுக்கு. வெட்டலைன்னா அது அவ குத்தம் இல்லை. அவ சொன்னது முடிஞ்சுபோச்சு.”

“அக்கா பேச்சை வக்கீல் மாதிரி நறுக்கி நறுக்கிப் பாக்குறீங்களே!” அவன் குரல் உடைந்தது. “அவ செத்துட்டான்னு வந்து சொன்னப்பவும் நீங்க வால்வை மூடிட்டு, நேரத்தை எழுதி வெச்சுட்டுத்தானே வந்தீங்க?”

சுமி அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறினான்.

“ஆமா” என்றேன். “பத்து நாப்பது.”

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலத் தண்ணீரைத் திறந்து மூடினேன். படுத்தேன், தூங்கினேன்.

மறுநாள் காலை எழுந்து காலைத் தரையில் வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். இரண்டு பாதமும் வீங்கிச் சிவந்திருந்தன. விரல் இடுக்குகளில் தோல் வெந்து உரிந்திருந்தது. குதிகாலில் காசு அளவுக்கு ஒரு புண், வெள்ளையாக. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போனேன். அதற்குமேல் முடியவில்லை. படியில் உட்கார்ந்து, கழுவுவதற்காக அகலப் பாத்திரத்தில் வைத்திருந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டேன். ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஊருக்குத் தண்ணீர் போகவில்லை.

ஆறரைக்கு ஜென்கோ வேலிக்கு வெளியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

“தளத்துக்குத் தண்ணி ஊத்தணும், குழாய்ல காத்து வருது! கோபம்னா என்னைப் பேசுங்க அத்தான், அடிங்க. தண்ணியை நிறுத்தினா தளம் வெடிச்சுப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? இவ்வளவு கெட்ட மனுசனா நீங்க…”

சமையலறைப் பக்கம் வந்தவன் நின்றான். பாத்திரத்துக்குள் பார்த்தான்.

“என்னது இது?”

“சிமெண்டு.”

“ஆட்டுக்கு அரை மணி நேரம் கழுவுனீங்களே. நான் மேலேருந்து பாத்தேனே. உங்க காலைக் கழுவலை?”

“மறந்துட்டேன்.”

“நாள் பூரா அதோடயா நின்னீங்க? வலிக்கலை?”

“நேத்து வலிக்கலை.”

அவன் மெதுவாகக் குந்தினான். ஒரு பாதத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கித் திருப்பிப் பார்த்தான். “இப்ப?”

“வலிக்குது” என்றேன். பிறகு இன்னொரு முறையும் சொன்னேன். “வலிக்குது ஜென்கோ.”

அவன் என் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தான். அவன் மூக்கு தோயோவின் மூக்கு. இத்தனை நாள் நான் கவனித்ததில்லை. பட்டிக் கதவைத் திறந்துகொண்டு வந்த தலைவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை விட்டுப் பாத்திரத்துத் தண்ணீரைக் குடிக்கப் பார்த்தது. ஜென்கோ அதன் கொம்பைப் பிடித்துத் தள்ளினான். அது திருப்பித் தள்ளியது. அவன் ஒரு கையால் என் காலையும் ஒரு கையால் கொம்பையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்தான். “சாவியைக் குடுங்க. எந்தப் பக்கம் திருப்பணும்?”

“இடது பக்கம். பதினாலு சுத்து. மெதுவா.”

“திறந்துட்டு நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். எழுந்திரிக்காதீங்க.”

அவன் கிளம்பியதும் தலைவர் பின்னாலேயே போனது. வாசல் வரைக்கும் போய் ஜென்கோ நின்றான், திரும்பவில்லை.

“ஜூலைக்குப் பன்னிதான் அத்தான். ஊர்ல நானே சொல்லிக்கிறேன். அக்கா சொன்ன நாள் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றேன்.” பிறகு ஆட்டிடம் சொன்னான். “உன்னைத் தளத்துப் பக்கம் மட்டும் பாத்தேன், மவனே, நானே வெட்டிருவேன். எனக்கு வெட்டத் தெரியாது. ரொம்ப நேரம் ஆகும், பாத்துக்க.”

அவன் இடுப்பில் செருகியிருந்த துண்டின் நுனி பின்னால் தொங்கியது. ஆடு அதைப் பாதி வரைக்கும் வாய்க்குள் வாங்கியிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அப்படியே தெருவில் இறங்கிப் போனார்கள்.